சந்தேகத்தோடு ஜெபிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினொரு வயது. நான்கு ஆண்டுகளாக வலிப்பு வருகிறது. மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, காலையும் இரவும் மாத்திரை கொடுத்து வருகிறோம். மாதம் இரண்டு மூன்று முறை வந்தது இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. நாங்கள் போகும் ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரர், "மாத்திரை கொடுக்கிறவரைக்கும் நீங்கள் முழுதாக விசுவாசிக்கவில்லை என்றுதான் அர்த்தம், உங்கள் சந்தேகம்தான் பிள்ளையின் சுகத்தைத் தடுக்கிறது" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முழங்காலில் நிற்கும்போதே 'நடக்குமா' என்ற கேள்வி வந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்கிறாள் என் மனைவி. சந்தேகத்தோடு ஜெபிக்கிறவனின் ஜெபம் கேட்கப்படுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம், ஒரு வேளைகூட வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான வலிப்பு, சில வேளைகளில் நிற்காமல் தொடர்கிற வலிப்பு வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். சரியான மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி பெட்டகச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது நினைவிருக்கிறது. அன்பினால் செய்தார், ஆனால் சாவியால் வலிப்பு நிற்காது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் கேட்டதை உங்களுக்கு முன்பே ஒரு தகப்பன் கேட்டிருக்கிறான், அவனுடைய மகனுக்கும் இதே நோய்தான். மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், நுரைதள்ளித் தரையில் விழுந்து புரளும் மகனை இயேசுவிடம் கொண்டுவருகிறான் அவன். மத்தேயு அதே பிள்ளையை, உங்கள் புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில், 'சந்திரரோகி', அதாவது வலிப்பு நோயாளி, என்கிறார். சீடர்கள் முயன்று தோற்றுப் போயிருந்தார்கள். 'இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று' என்று ஒரு மருத்துவரைப்போல இயேசு விசாரிக்க, சிறுவயது முதலே என்று சொன்ன தகப்பன், 'நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்' என்றுதான் தன் வேண்டுதலைத் தொடங்குகிறான். அந்தக் 'கூடுமானால்' உங்கள் 'நடக்குமா'வேதான். இயேசு அந்தச் சொல்லைக் கேளாததுபோல விட்டுவிடவில்லை. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று கடிந்தாற்போலவே பதில் சொல்கிறார். அப்போது அவன் கண்ணீரோடு கத்துகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." முதலில் உன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று அவனை அவர் திருப்பி அனுப்பவில்லை. அந்த அரைகுறை வேண்டுதலைக் கேட்டே அவர் ஆவியை அதட்டி, பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அந்தப் பகுதியில் அசுத்த ஆவி என்று வருகிறதே என்று உங்கள் மகனைப் பற்றி யாராவது பயமுறுத்தினால், மத்தேயு 4:24-ஐக் காட்டுங்கள். அங்கே பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு என்று தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் சகோதரர் யாக்கோபு நிருபத்தை ஆதாரமாகக் காட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்ற வசனம் அங்கேதான் வருகிறது. அது ஞானத்தைக் கேட்பவனுக்குச் சொன்னது. நோயாளியைப் பற்றி அதே நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பேசும்போது, சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது. அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும், விசுவாசமுள்ள செபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிறது. படுத்திருப்பவனிடமோ அவன் தகப்பனிடமோ அல்ல, செபிக்க வந்தவர்களிடம்தான் அங்கே விசுவாசம் கேட்கப்படுகிறது. பிறரின் பாரத்தைச் சுமக்க அழைக்கப்பட்டவர் அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றிவைத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

இதை நான் கோபத்தோடு எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது, அறுவைச் சிகிச்சைக்குப் போவது அவிசுவாசம் என்று வீட்டுக்கு வந்து செபித்த ஒருவர் சொல்ல, அம்மா எட்டு மாதம் போகாமலே இருந்துவிட்டார். போனபோது காலம் கடந்திருந்தது. அவர் இறந்தபின் ஆறு ஆண்டுகள் நான் செபிக்கவில்லை. பிறகு எனக்குக் காசநோய் வந்து தேவகோட்டை வீட்டில் படுத்துக்கிடந்தபோது, எங்கள் பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் மாலைதோறும் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எனக்கு நம்பிக்கை இல்லை, என்னால் செபிக்க முடியாது என்றேன். "நீங்க சொல்ல வேணாம் தம்பி, கேட்டுக்கிட்டுப் படுத்திருங்க. உங்களுக்கும் சேத்து நான் சொல்றேன்" என்றார். திமிர்வாதத்தால் முடங்கியவனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நான்கு பேரின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு அவனைக் குணமாக்கினார் என்பது அதற்கு முன் எத்தனையோ தடவை காதில் விழுந்தது. அந்தக் கட்டிலில்தான் எனக்கு உறைத்தது. ஆறு மாத மாத்திரையில் குணமானேன். கடவுள் குணமாக்கினார் என்று சொல்வதும் அதே நிகழ்ச்சியைத்தான். மருந்தை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவர், அறிவுள்ளவர் அதை ஒதுக்கமாட்டார் என்று எங்கள் கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூல் சொல்கிறது. அந்த நூல் உங்கள் வேதாகமத்தில் இல்லை. ஆனால் நற்செய்தி எழுதிய லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்று பவுல் அழைப்பது உங்களிடமும் இருக்கிறது. தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்து நகரில் விட்டுவந்தேன் என்று அதே பவுல் எழுதும்போது, யாருடைய விசுவாசக் குறைவையும் அவர் காரணமாகச் சொல்வதில்லை.

ஒருமுறை மகனை அழைத்துக்கொண்டு ஓரியூருக்குப் போய்வாருங்கள். நமக்குத் தொலைவில்லை. மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் தீராத நோயில் கிடந்து, எல்லா வைத்தியமும் பலிக்காமல், போர்த்துகீசிய இயேசு சபைக் குருவான புனித அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்லர்; வேறு வழி தெரியாமல் கேட்டவர். அருளானந்தர் முதலில் ஓர் உபதேசியாரைத்தான் அனுப்பினார். அவர் நற்செய்தியை வாசித்துச் செபிக்க, தேவர் எழுந்தார். பிறகு அவர் திருமுழுக்குப் பெற்று, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்க, அவர்களில் இளையவரான, சேதுபதி மன்னரின் உறவுப் பெண் அவரிடம் முறையிட, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. விசுவாசம் இன்னதென்று அறியாதவர் நலம் பெற்றார். விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கத் துணிந்தவர் அங்கே விழுந்தார். நம் மண்ணிலேயே இப்படி நடந்திருக்க, சுகம் என்பது விசுவாசத்தின் அளவுக்கு நிறுத்துக் கொடுக்கப்படும் கூலி என்று எப்படி நம்புவது? அவர் இரத்தம் சிந்திய அங்குள்ள செம்மண்ணை மக்கள் பக்தியோடு அள்ளிச் செல்வதைப் பார்க்கும்போதெல்லாம், நானும் அம்மாவுக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் என்னை முழுவதும் விட்டுவிட்டது என்று சொன்னால் அது பொய். அது வரும்போது இப்போது நான் எழுந்து போய்விடுவதில்லை. அந்தத் தகப்பனைப்போல அதையும் சேர்த்தே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்ல அதன் பிடி தளர்ந்திருக்கிறது. குணமாக்குகிறவர் அவர் என்பதில் எனக்கு இன்று ஐயமில்லை. எப்போது, எந்த வழியில் என்பதை அவரிடம் விட்டிருக்கிறேன். உங்கள் மனைவியிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டுங்கள்.

பிள்ளைக்கு இரவு மாத்திரை கொடுப்பது எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் நானும் இங்கே முழங்காலில் இருப்பேன்.

அன்புடன்