டூரிங் பைக்குக்குக் குட்டை ஆன்டெனா வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஹார்லி, கோல்டு விங் போன்ற நெடுந்தூரப் பயண பைக்குகளில் வரும் நீள ரேடியோ ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, வெளிக் கம்பெனிகள் விற்கும் குட்டை ஆன்டெனாவை மாட்டலாமா? தரம் எப்படி? பழுதானால் விற்றவர்கள் கவனிப்பார்களா?

நான் டெக்சஸில் இருக்கிறேன். வண்டி ஹார்லி எலக்ட்ரா கிளைடு. குட்டை ஆன்டெனா ஒன்றை வாங்கி மாட்டி, விற்றவர்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் கழற்றிவிட்டேன். அழகுக்காக என்றால் வாங்குங்கள், ரேடியோ கேட்க என்றால் வேண்டாம். பெட்டியில் 'ஒரிஜினலுக்கு இணையான ரிசப்ஷன்' என்று அச்சிட்டிருக்கும் கம்பெனியிடம் எதற்காகவும் வாங்காதீர்கள்.

காரணம் எளிது. எஃப்.எம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் உயரக் கம்பி இருந்தால் நன்றாக வாங்கும். வண்டியோடு வரும் கம்பி ஏறத்தாழ அந்த உயரம்தான். அது யாரோ அழகுணர்ச்சி இல்லாமல் வைத்தது அல்ல. அதை எடுத்துவிட்டு 15, 20 சென்டிமீட்டர் குச்சியை வைத்து, உள்ளே செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினால் குறைந்த உயரத்தை ஓரளவு ஈடுகட்டலாம், முழுதாக முடியாது. நகரத்துக்குள் நிலையங்களின் சிக்னல் வலுவாக இருக்கும் என்பதால் இந்தக் குறை தெரியாது. கடை வாசலில் மாட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

ஏ.எம். கதை இன்னும் மோசம். சான் அன்டோனியோவின் டபிள்யூ.ஓ.ஏ.ஐ. 1200 கிலோஹெர்ட்ஸில் 50 கிலோவாட் சக்தியில் ஒலிபரப்பாகும் நிலையம். அதன் அலைநீளம் 250 மீட்டர். எந்த வண்டியிலும் அதற்குப் பொருத்தமான கம்பியை நிறுத்த முடியாது என்பதால், இருக்கிற ஒவ்வொரு அங்குலமும் முக்கியம். இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையில் மேற்கே போகும்போது பழைய கம்பியில் கெர்வில் தாண்டியும் செய்தி தெளிவாகக் கேட்கும். புதுக் குச்சியில் அதற்கு முன்பே வரும் பெர்னி (Boerne) ஊரைத் தாண்டுவதற்குள் இரைச்சல் தொடங்கிவிட்டது. அதோடு ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக ஏறி இறங்கும் ஒரு முனகலும் சேர்ந்துகொண்டது. அது எஞ்சினின் மின் அமைப்பிலிருந்து வருவது. சிக்னல் வலுவாக இருந்தவரை அமுங்கிக் கிடந்தது, மெலிந்ததும் தலைதூக்கியது.

செல்போன் இருக்க ரேடியோ எதற்கு என்று கேட்பீர்கள். அதே சாலையில் ஜங்ஷன் என்ற ஊருக்கு மேற்கே செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வசந்த காலத்தில் அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. வண்டி ரேடியோவில் இருக்கும் வானிலை அலைவரிசை, 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வருவது, அப்போதுதான் கைகொடுக்கும்.

இதுவரை சொன்னது இயற்பியல். இதற்காக விற்றவரை நான் திட்டவில்லை, விளம்பரத்தில் மறைத்ததற்காகத்தான் திட்டுகிறேன். தரம் என்பது தனிச் சமாச்சாரம். ஒரு கோடைகூட முடியவில்லை, கறுப்புப் பூச்சு சாம்பல் நிறமாக வெளிறியது. பிறகு ஒருநாள் எந்த நிலையமும் வரவில்லை. குச்சியை அறுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தண்டின் மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பி; அதன் நுனியை அடித் திருகோடு ஒரு பொட்டு ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். அந்த இடத்தை அசையாமல் பிடித்துவைக்கப் பசை இல்லை, தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் வளையமும் இல்லை. வி-ட்வின் எஞ்சின் அதிரும் அதிர்வில் அந்தப் பொட்டு எத்தனை நாள் தாங்கும்? காருக்குச் செய்ததை பைக்குக்கு என்று ஸ்டிக்கர் மாற்றி விற்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'உங்கள் ரேடியோவைச் சோதியுங்கள்' என்றார்கள். சோதித்துச் சொன்னதும், 'கிரவுண்ட் (வண்டி பிரேமோடு சேரும் மின் இணைப்பு) சரியில்லை' என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எண்ணுக்கு அழைத்தால் பதிவுக் குரல்தான். 'வாழ்நாள் வாரண்டி' என்று போட்டிருந்தார்களே என்றால், அனுப்பும் செலவு என்னுடையது, மாற்றுப் பொருளுக்கு 'கையாளும் கட்டணம்' தனி. இரண்டையும் கூட்டினால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்.

அவர்கள் பழியை உங்கள் வண்டிமேல் போடுவார்கள் என்று தெரிந்துகொண்டே நீங்கள் மின் தொடர்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். ஆன்டெனா கேபிளின் ரேடியோ பக்கத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் நடு ஊசிக்கும் ஆன்டெனாத் திருகுக்கும் இடையே தொடர்பு காட்ட வேண்டும். நடு ஊசிக்கும் பிளக்கின் வெளி உறைக்கும் இடையே காட்டக் கூடாது. வெளி உறைக்கும் வண்டி பிரேமுக்கும் இடையே காட்ட வேண்டும். இல்லையென்றால் கிரவுண்ட் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து, பழைய கம்பியை மாட்டினால் ரேடியோ பாடுகிறது என்றால் குற்றம் குச்சியில்தான். இதைப் படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். உள்ளே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஆன்டெனாக்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

எழுத்தில் வைத்திருப்பது இன்னொன்றுக்கும் உதவும். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், ஒப்புக்கொண்டபடி பொருள் வரவில்லை என்று கார்டு நிறுவனத்திடம் மறுப்புத் தெரிவிக்கலாம். 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பில் அனுப்பிய 60 நாட்களுக்குள் எழுத வேண்டும். தரம் சரியில்லை என்பது உங்கள் வாதமானால், முதலில் விற்றவரோடு தீர்த்துக்கொள்ள முயன்றதைக் காட்ட வேண்டியிருக்கும். எனக்குப் பணம் அப்படித்தான் திரும்பி வந்தது. வாரண்டி விஷயத்தில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறது: எழுத்து வாரண்டி 'முழு' வாரண்டியா 'வரையறுக்கப்பட்ட' வாரண்டியா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். 'வாழ்நாள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எது இருக்கிறது என்று வாங்கும் முன்பே பாருங்கள். வெளி ஆன்டெனா மாட்டியதாலேயே வண்டியின் வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டினால் அதையும் நம்ப வேண்டாம். அந்தப் பொருள்தான் பழுதுக்குக் காரணம் என்று அவர் காட்டியாக வேண்டும்.

கம்பியே கண்ணில் படக் கூடாது என்றால் ஃபேரிங்குக்குள் (வண்டியின் முன்பக்கக் காற்றுத் தடுப்பு உறை) ஒளித்துவைக்கும் வகை இருக்கிறது. ஃபேரிங் பிளாஸ்டிக் என்பதால் அலை உள்ளே வரும். ஆனால் அதிலுள்ள ஆம்ப்ளிஃபையர் எஞ்சின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். நகரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்குப் போதும்.

வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள உதவும் சி.பி. ரேடியோவும் வைத்திருந்தால் குட்டை ஆன்டெனாப் பேச்சையே எடுக்காதீர்கள். அது 27 மெகாஹெர்ட்ஸ், கால் அலையே சுமார் 2.8 மீட்டர். வாங்குவது மட்டுமல்ல, அனுப்புவதும் அதன் வழியாகத்தான் என்பதால் பொருந்தாத ஆன்டெனா ரேடியோவையே கெடுத்துவிடலாம். எந்த ஆன்டெனாவை மாட்டினாலும் 1-ஆம் சேனலிலும் 40-ஆம் சேனலிலும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா ரேடியோவுக்குப் பொருந்துகிறதா என்று காட்டுவது) வைத்து அளந்து பாருங்கள். 2-க்கு மேல் காட்டினால் சரிசெய்யும்வரை மைக்கைத் தொடாதீர்கள்.