மூச்சு கேக்குற தூரம்

வணக்கம் அக்கா,

அமெரிக்கப் பாடகி அட்ரியன் லெங்கரோட 'சாங்ஸ்' ஆல்பத்த நீங்க அவ்ளோ பாராட்டி எழுதியிருந்தீங்களேன்னு ஆபீஸ் போறப்ப பஸ்ல இயர்போன் போட்டு மூணு நாள் கேட்டேன். மன்னிக்கணும், எனக்கு ஒட்டல. ஒரு கிடார், மெல்லிசா ஒரு குரல், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு. கம்பில விரல் தேயுற சத்தம், மூச்சு இழுக்குற சத்தம், நடுவுல பறவை வேற கத்துது. சரியா ரெக்கார்ட் பண்ணாததத்தான் நாம அந்தரங்கமான இசைன்னு சொல்லிக்கிறோமா? இன்னொன்னு, காதல் முறிஞ்ச ஒருத்தரோட டைரிய அவங்களுக்குத் தெரியாம எடுத்துப் படிக்கிற மாதிரி சங்கடமா இருந்துச்சு. நான் எத கவனிக்காம விட்டேன்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ஒட்டலன்னா ஒட்டலன்னு சொல்றதுக்கு எதுக்கு மன்னிப்பு? ஆனா சரியா ரெக்கார்ட் பண்ணலங்கறத மட்டும் என்னால அப்படியே விட முடியல.

2020 மார்ச்ல லெங்கர் பாடுற பிக் தீஃப் பேண்டோட டூர் கொரோனாவால பாதியில நின்னுபோச்சு. லெங்கர் மேற்கு மாசசூசெட்ஸ்ல மலைப்பக்கமா ஒரே ஒரு ரூம் இருக்குற மரவீட்டுக்குப் போனாங்க, அந்த வீடே ஒரு கிடாரோட உள்பக்கம் மாதிரி இருந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அப்புறம் சவுண்ட் எஞ்சினியர் பிலிப் வைன்ரோப் கருவிங்களோட வந்து சேர, ஏப்ரல்ல ரெண்டு பேருமா உக்காந்து கம்ப்யூட்டர் இல்லாம முழுக்க அனலாக் டேப்லயே, அதாவது பழைய காந்த நாடாவுலயே, பதிவு பண்ணாங்க. டேப்ங்கறதால பிசகின சுருதிய கம்ப்யூட்டர்ல இழுத்து சரி பண்ற வேலையெல்லாம் கிடையாது, பிசகினா திரும்பப் பாடணும், இல்ல பிசகோட விட்டுடணும். அந்த விரல் சத்தத்தையும் பறவையையும் அவங்க கேக்காமலா இருந்திருப்பாங்க, கேட்டுட்டுதான் இருக்கட்டும்னு விட்டிருக்காங்க.

மூச்சப் பத்தி கேட்டீங்கல்ல. என் பாட்டி பேசினத ஃபோன்ல பதிவு பண்ணி வெச்சிருந்தேன், ஏழெட்டு நிமிஷம் இருக்கும், அவங்க போனப்புறம் அத சுத்தம் பண்ணலாம்னு இரைச்சல நீக்குற ஒரு ஆப்ல போட்டேன். பேச்சு கண்ணாடி மாதிரி தெளிவா வந்துச்சு, ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாங்க, அத அந்த ஆப் இரைச்சல்னு நினைச்சு எடுத்துடுச்சு. வார்த்த எல்லாம் இருக்கு, பாட்டியக் காணோம். நல்லவேளையா பழைய ஃபைல அழிக்கல. அதுக்கப்புறம் எந்த ஆல்பத்துலயும் மூச்சு சத்தம் கேட்டா எனக்கு அது குறையாவே தோணினதில்ல.

மைக் விஷயமும் இருக்கு. முன்பக்கத்து சத்தத்த மட்டும் வாங்குற மைக்குங்க இருக்கு, அதுக்கு வாய் கிட்ட போகப் போக குரலோட அடிப்பாகம் கனமாயிடும், ரூமோட எதிரொலியும் பின்னாடி போயிடும். நிஜ வாழ்க்கையில ஒரு குரல் அப்படிக் கேக்குறது ஒருத்தர் நம்ம தோள்ல சாஞ்சுக்கிட்டுப் பேசுறப்பதான். எத்தன பேரு நம்மகிட்ட அவ்ளோ கிட்ட வந்து பேசியிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. இதுல நீங்க கேட்டது பஸ்ல. பஸ்ஸோட உறுமல் எல்லாம் கீழ் ஸ்தாயி, கிடாரோட தடிச்ச கம்பிங்க பேசுறதும் அங்கதான், அதனால பஸ் பாதி கிடார முழுங்கிடும். பெரும்பாலான சினிமாப் பாட்டுல மெல்லிசா பாடுற இடத்தையும் மிக்ஸிங்ல தூக்கி மேல வெச்சிருப்பாங்க, அது எந்த சத்தத்துலயும் தப்பிச்சுக்கும். லெங்கரோட பாட்டு தப்பிக்காது.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரின்னு சொன்னதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, 11 பாட்டுல நடுவுல ரெண்டு எனக்கும் ஒன்னோட ஒன்னு கலந்துடும்.

டைரின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் முழுசா மாறுபடுறேன். 'எனிதிங்' பாட்ட எடுத்துக்குங்க. மாம்பழச் சாறு வாயிலேர்ந்து வழியுது, சட்டையோட தோள் நழுவுது, நாய் கைய கடிச்சுடுது, ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க, மளிகை லிஸ்ட் வருது. ஏன் பிரிஞ்சாங்க, யார் மேல தப்பு, கடைசியா என்ன சொல்லிக்கிட்டாங்க, ஒரு வரி கிடையாது. எதப் பத்தியும் பேச வேணாம்னுதான் பல்லவியே. நமக்கு அந்த மாம்பழச் சாறு வரைக்கும் தெரியும், ஆனா நடந்தது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. டைரியா இருந்தா முதல்ல அதத்தான் எழுதியிருப்பாங்க. இவங்க நம்மள அவ்ளோ பக்கத்துல உக்கார வெச்சுட்டு முக்கியமானத சொல்லாம வெச்சுக்கறாங்க, எனக்கு இந்த ஆல்பத்துல பிடிச்சதே அதுதான். 11ல 9 பாட்டு அந்தப் பதிவு நாட்கள்லயே எழுதினதுங்கறப்ப, காயம் காயுறதுக்குள்ள இவ்ளோ கட்டுப்பாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

நீங்க சொன்ன அந்த சங்கடம் எனக்கு வேற ஒரு ஆல்பத்துல வந்துச்சு. ஜெர்மனிக்காரங்க சிபில் பையர், 1970லேர்ந்து 73க்குள்ள வீட்லயே ஸ்பூல் டேப்ல பாடி வெச்ச பாட்டுங்க அது. வெளியிடல. முப்பது வருஷம் கழிச்சு அவங்க பையன் அத சிடில போட்டு குடும்பத்துல கொடுக்க, ஒரு காப்பி டைனோசர் ஜூனியர்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட ஜே மாஸ்கிஸ் கைக்குப் போயி, அவர் மூலமா ஒரு சின்ன லேபிளுக்குப் போயி, 2006ல 'கலர் கிரீன்'ன்னு வந்துச்சு. முதல் தடவ கேட்டப்ப நான் என்னையறியாம வால்யூம குறைச்சேன், அடுத்த ரூம்ல பாடுறவங்களுக்கு நாம கேக்குறது தெரிஞ்சுடக் கூடாதுங்கற மாதிரி. அது யாருக்கும்னு பாடினதில்ல. லெங்கர் பாடுறது அப்படி இல்ல, நீங்க அங்க இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

பஸ்ல வேணாம் தம்பி. வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் கேளுங்க. இதோடவே 'இன்ஸ்ட்ருமென்டல்ஸ்'னு ஒன்னு வந்துச்சு, தினமும் பதிவு ஆரம்பிக்கிறப்பவும் முடிக்கிறப்பவும் கிடார்ல சும்மா வாசிச்சதுங்கள்ல பிடிச்சத கோத்ததுதான் அந்த இசைத்தட்டோட முதல் பக்கம், 21 நிமிஷம். முதல்ல அது, அப்புறம் பாட்டுங்க. கேட்டுட்டு அந்தப் பறவை எந்தப் பாட்டுல வருதுன்னு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா