கோப்ரிவ்னிட்சாவுக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, குரோஷியாவின் கோப்ரிவ்னிட்சாவில் உணவுத் தொழிற்சாலை வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, ஊர் எப்படி, எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பிறகு ஹங்கேரிக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பலர் மாட்டிக்கொள்வது அதில்தான். அப்படி மாற முடியாது. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா, நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. திராவா ஆற்றைத் தாண்டி கோலா கிராமம் வழியாகப் போனால் அந்தப் பக்கம் ஹங்கேரி. வசிப்பு அட்டை கையில் இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது. உங்கள் அனுமதி குரோஷியாவுக்கு உரியது. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, ஊருக்கு வருவோம். முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். தலைநகர் ஸாக்ரெப் சுமார் 100 கிலோமீட்டர், ரயில் உண்டு. நிலம் தட்டையாக இருப்பதால் எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள், அதற்கென்றே தனிப்பாதைகளும் இருக்கின்றன. முதல் சம்பளத்தில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள். நான் இங்கே ஒரு காருக்காக ஏங்கியதே இல்லை.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் குரோஷியர்களுக்கு நினைவு வருவது போட்ராவ்கா உணவு நிறுவனமும், 1959இல் அது சந்தைக்குக் கொண்டுவந்த வெகெட்டாவும். காய்கறித் துண்டுகள் கலந்த மசாலா உப்பு அது. நம் வீட்டில் சாம்பார் பொடி இருக்கிற மாதிரி இங்கே வீட்டுக்கு வீடு அந்த நீலப் பாக்கெட் இருக்கும். ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நன்றாகவே இருக்கிறது, உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் மிளகாய்த்தூளும் ஸாக்ரெப் போகும்போது மொத்தமாக வாங்கி வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சட்டப்படி ஒரு கடை ஆண்டுக்கு 16 ஞாயிறுதான் திறக்கலாம். அரிசியோ பாலோ சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

ஒரு லீவு நாளில் பக்கத்துக் கிராமம் ஹ்லெபினேவுக்குப் போய்வாருங்கள். விவசாயிகளே கண்ணாடியின் பின்புறம் வரைந்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அந்த வகை ஓவியத்தில் பேர்பெற்ற இவான் ஜெனராலிச் அந்த ஊர்க்காரர்தான். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்த கண்ணுக்கு அந்த வேலைப்பாடு எவ்வளவு கடினம் என்று உடனே புரியும்.

எல்லாவற்றையும்விட மொழிதான் முக்கியம். ஸாக்ரெபில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். இங்கே சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் பாட்டியிடமும் ஃபோர்மேனிடமும் அது செல்லாது. பயப்படாதீர்கள், தமிழில் வேற்றுமை எட்டு என்றால் குரோஷியனில் ஏழு. பெயர்ச்சொல்லின் கடைசி மாறுவது நமக்குப் பழகிய விஷயம்தான். 'தோபர் தான்' என்று வணக்கம் சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்றாவது வாரம் கடைக்கார அம்மா என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அப்புறம், ஜனவரியில் வருவதாக இருந்தால் நல்ல ஷூ கையோடு கொண்டுவாருங்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பனிமூட்டத்தில் சைக்கிளில் திரும்பும்போது முதலில் விறைப்பது கால்தான்.