வெள்ளைத் தங்க மோதிரம் மஞ்சளடிக்கிறதே, ஏமாந்துவிட்டோமா?

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் வைர மோதிரம் எடுத்தோம். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, உள்ளங்கைப் பக்கம் மஞ்சளாகத் தெரிகிறது. கடையில் கேட்டால், "ரோடியம் போயிருக்கு, மறுபடி போட்டுக் கொடுத்திடலாம்" என்கிறார்கள். தங்கத்துக்கு எதற்கு முலாம்? பேசாமல் பிளாட்டினமாக மாற்றிவிடலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

18 காரட் என்றால் 75 சதவீதம் சுத்தமான மஞ்சள் தங்கம். மீதி 25 சதவீதத்தில் பல்லேடியமோ நிக்கலோ, கூடவே வெள்ளி, துத்தநாகம், செம்பு என்று கலந்து மஞ்சளை அடக்குகிறார்கள். அடக்கத்தான் முடியும், முழுசாகப் போக்க முடியாது. பட்டறையிலிருந்து வரும் நகை சாம்பல் கலந்த வெளிர் மஞ்சளில்தான் இருக்கும். ஷோரூம் விளக்கில் பார்த்த பளீர் வெண்மை, மேலே ஏற்றிய ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் நிறம். அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பஸ் கம்பி, வண்டி ஹேண்டில், பாத்திரம் என்று உள்ளங்கைப் பக்கம்தான் அதிகம் உரசும். அதனால் அங்கேதான் முதலில் தேயும். கம்மல், டாலரில் இதே பூச்சு பல வருஷம் நிற்கும்.

22 காரட்டில் வெள்ளைத் தங்கம் கிடைக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். அதில் கலப்புக்கு எட்டு சதவீதம் சொச்சம்தான் இடம். அதை வைத்து மஞ்சளை மறைக்க முடியாது. யாராவது விற்றால், மஞ்சள் நகைக்கு ரோடியம் பூசி விற்கிறார்கள் என்று அர்த்தம்.

சந்தேகம் தீர மோதிரத்தின் உட்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பிஐஎஸ் ஹால்மார்க் முத்திரை, 18K750, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாளக் குறியீடு) மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் விவரம் வரும். கடையில் தங்கத்தின் தரம் காட்டும் காரட் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லலாம், ஆனால் மேலே ரோடியம் இருக்கும்போது அளவீடு கொஞ்சம் தடுமாறும்.

மறுபடி முலாம் போடலாம், ஆனால் வருஷா வருஷம் வேண்டாம். போடும் முன் பாலிஷ் செய்வார்கள். ஒவ்வொரு பாலிஷிலும் தங்கம் துளித்துளியாகக் கரையும், வைரத்தைப் பிடித்திருக்கும் நுனிகளும் மெலியும். கண்ணை உறுத்தினால் மட்டும் போடுங்கள். அந்த வெளிர் நிறத்தையே விரும்பி, பூசாமல் அணிகிறவர்களும் உண்டு.

பிளாட்டினம் மஞ்சளடிக்காது, ஆனால் கீறல் விழுந்து மங்கும். அதே அளவு மோதிரம் பிளாட்டினத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம். மாற்றும்போது பழையதற்கு 75 சதவீதத் தங்கத்தின் விலைதான் போடுவார்கள், செய்கூலி, சேதாரம் திரும்பாது. நிறத்துக்காக மட்டும் மாற்றுவது நஷ்டம் என்பேன்.

ஒரே ஒரு காரணத்துக்கு மாற்றலாம். பூச்சு தேய்ந்தபின் மகளுக்கு விரலில் அரிப்போ சிவப்போ வந்தால், உள்ளே நிக்கல் இருக்க வாய்ப்புண்டு. ஐரோப்பாவில் தோலில் படும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கே சட்டத்தில் வரம்பு உண்டு. கலவை நிக்கலா பல்லேடியமா என்று கடையில் எழுத்தில் கேளுங்கள். அடுத்து வாங்கும்போது பல்லேடியமே கேளுங்கள், விலை கூடும்.

அப்புறம், நீச்சல் குளத்துக்கும் பிளீச்சிங் பவுடர் வேலைக்கும் மோதிரத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். குளோரின் பட்டுப்பட்டு நிக்கல் கலந்த தங்கத்தில், அதுவும் கல் பிடிக்கும் நுனிகளில், விரிசல் விழும். முலாமுக்குக் கொடுக்கும் முன் கல்லை போனில் நெருக்கமாகப் படம் எடுத்து, மோதிரத்தின் எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். வைரத்தோடு மரகதமோ முத்தோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முலாமுக்கு முன் செய்யும் அல்ட்ராசோனிக், நீராவிச் சுத்தத்தை அவை தாங்காது.