ந.க. எண் வாங்கினீர்களா?

ஊர்க்காரியம்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், பேரூராட்சி அலுவலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றியவர். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, செயல் அலுவலராக ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அம்மா, எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். முதலில் வருவது கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது. வார்டு உறுப்பினரிடம் எட்டு மாதமாகச் சொல்கிறேன். "பார்த்துக்கொள்ளலாம் அக்கா" என்கிறார். வேறு யாரிடம் போவது?
– இல்லத்தரசி, தேனி மாவட்டம்

பதில்: எட்டு மாதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு முறையாவது எழுதிக் கொடுத்தீர்களா தங்கையே? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கு நாளைக்கு ஒருமுறை நீர் ஓடும் குழாய், மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கிறது. வால்வை மூடியதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் வடிந்துவிடும், குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். சாக்கடையை ஒட்டிக் குழாய் போகிற இடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தால், கழிவுநீரை அந்த வெற்றிடம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது அதுதான் முதலில் உங்கள் குடத்தில் விழுகிறது. தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் குழாய் இணைப்பில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இன்னும் கேடு. கடைசி வீட்டுக்கு நீரின் வேகமும் குறையும், அழுக்கும் கூடும்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இதே புகார் வந்தது. குழாய் ஆபரேட்டரோடு விடிகாலை நாலரை மணிக்குப் போய் நின்றேன். நீண்ட இரும்புச் சாவியை வால்வுக் குழிக்குள் இறக்கி அவர் திருப்பத் திருப்ப, காலுக்கடியில் நீர் ஓடுகிற சத்தம் கேட்டது. டார்ச் விளக்கைச் சாக்கடை மேல் அடித்துக்கொண்டே நடந்தோம். ஒரு வீட்டு வாசலில், சிறுபாலத்தின் அடியில், கறுப்புத் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. கோளாறு இருந்த இடம் அதுதான். மதியத்துக்குள் தோண்டி இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தெருவுக்கு எங்களை வரவழைத்தது ஒரு பெரியவர் கொடுத்த மனு. "முதல் பத்து நிமிடம் மட்டும் வாடை அடிக்கிறது, பிறகு தெளிந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மேல்நிலைத் தொட்டியில் பழுது என்றால் ஊர் முழுக்க வாடை அடிக்கும், நேரம் போனாலும் தெளியாது. பத்து நிமிடத்தில் தெளிகிறது என்றால் பழுது அந்தத் தெருக் குழாயில்தான்.

அதனால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். இரண்டு படி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உங்கள் மனு தன்பதிவேட்டில் (எழுத்தர் ஒவ்வொருவரும் தம்மிடம் வரும் தாள்களைப் பதியும் ஏடு) ஏறியதும் அதற்கு ஒரு ந.க. எண், அதாவது நடப்புக் கணக்கு எண், விழும். அந்த எண் விழுந்த பிறகு, அந்தத் தாளை ஓர் எழுத்தர் தன் பெயரில் சுமக்கிறார். பதிவேட்டை மேலதிகாரி பார்க்கும்போது, முடிக்காத எண் ஒவ்வொன்றுக்கும் அந்த எழுத்தர் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் வாசலில் நின்று வார்டு உறுப்பினரிடம் சொன்ன எட்டு மாதப் பேச்சுக்கு அப்படி ஓர் எண் இல்லை.

உங்கள் தெருக் கடைசிக் குழாயில் குளோரின் பார்க்கும்படியும் அதே மனுவில் கேளுங்கள். சிறு குப்பியில் நீர் பிடித்துச் சோதனை மருந்தைச் சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் நீர் மஞ்சளாக மாறும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சி நிற்க வேண்டும். தொட்டியடியில் மஞ்சள் தெரிந்தது என்பதால் உங்கள் தெருவிலும் தெரியும் என்று பொருளில்லை. சரிசெய்யும் வரை, முதலில் வரும் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். பிறகு பிடிப்பதையும் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கேள்வி: சொத்து வரியை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டாமே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாமக்கல் மாவட்டம்

பதில்: உண்டு ஐயா. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும், இரண்டாம் அரையாண்டு வரியை அக்டோபர் 31-க்குள்ளும் கட்டுவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் பேரூராட்சித் தலைவருக்கு நாங்கள் ஏன் வாக்களிக்கவில்லை? இன்னொன்று: எங்கள் தலைவர் ஒரு பெண். ஆனால் எதைக் கேட்டாலும் கணவர்தான் பதில் சொல்கிறார். இது சரியா?
– கல்லூரி மாணவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: 2022 பிப்ரவரி 19 அன்று நாம் வாக்களித்தது வார்டு உறுப்பினர்களுக்கு. அவர்கள் பதவியேற்று, மார்ச் 4 அன்று தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் அதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். ஆகவே தலைவரை மாற்றவோ கேள்வி கேட்கவோ உங்களுக்கு உள்ள வழி உங்கள் வார்டு உறுப்பினர்தான். அவரை விட்டுவிடாதீர்கள்.

அதற்கு முந்தைய நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். அந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். அப்போது நான் பணியில் இருந்தேன். மன்றக் கூட அறையைப் பூட்டியிருந்தோம். பழைய வாக்குப் பெட்டிகளும், உடைந்த தெருவிளக்குப் பட்டிகளும் உறுப்பினர்களின் நாற்காலிகள் மேல் ஏறிவிட்டன. எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று மேசையைத் தட்டிக் கேட்க ஊரில் ஒருவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டுகளில் பார்த்தேன். மன்றம் இருப்பதே பெரிது என்று நான் சொல்வது அதனால்தான்.

கணவர் விஷயத்துக்கு வருவோம். உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் வந்தது. அந்த இடம் அந்தப் பெண்ணுக்கே உரியது. மன்றக் கூட்டத்தில் உட்காரவோ, கோப்பில் குறிப்பு எழுதவோ, ஊழியருக்கு ஆணையிடவோ கணவருக்கு எந்த உரிமையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தலைவி, முதல் மாதம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள், பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவுச் சீட்டை மட்டும் தனியாக எடுத்து, "இத்தனை மூட்டை எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டுங்கள்" என்றார். கிடங்குக்கு நடந்து போய் மூட்டைகளை விரல் விட்டு எண்ணினார். அதற்குப் பிறகு கணவர் அலுவலகப் பக்கம் வரவில்லை. உங்கள் தலைவரிடம் நீங்கள் பெண்கள் ஐந்து பேராகச் சேர்ந்து போங்கள், கேள்வியை அவர் முகம் பார்த்துக் கேளுங்கள். கணவர் பதில் சொன்னால், "தலைவர் அம்மா சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

கேள்வி: கிராமத்தில் கிராம சபை இருப்பது போல் எங்களுக்கு ஏன் இல்லை?
– தையல்காரர், ஈரோடு மாவட்டம்

பதில்: இருக்கிறது தம்பி. வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்கும் 2022-இல் விதிகள் வந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபாக்கள் நடந்தன. உங்கள் வார்டு உறுப்பினர்தான் நடத்துவார். எப்போது, எங்கே என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்க்காமல் எழுந்து வராதீர்கள்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பூ விற்கிறேன். சென்ற வாரம் நெரிசல் என்று சொல்லிக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் கூடை மட்டும் திரும்பி வந்தது. எனக்கு ஏதாவது வழி உண்டா?
– பூ வியாபாரி, தஞ்சாவூர் மாவட்டம் (மகள் எழுதிய கடிதம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் ஆறவில்லை. மல்லிகை ஒரு பகல் தாங்காது. அன்றைய முதலும் போயிற்று, வட்டி மட்டும் தலைமேல் நிற்கிறது.

தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை இருக்கும் வியாபாரிகளை அகற்றக் கூடாது என்கிறது அது. இடம் மாற்ற வேண்டுமென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைக் கைப்பற்றினால், என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். உங்கள் பூ அப்படிப்பட்ட பொருள்தான்.

அடையாள அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் 40 விழுக்காட்டு இடம் வியாபாரிகளுக்கு, அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்பவரையும் கொய்யா விற்பவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒரே மனு, எல்லோருடைய கையெழுத்தும்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. இனி சேர்க்க முடியுமா?
– வேன் ஓட்டுநர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முடியும். ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லை, 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரின் பதிவாளரிடம் போக வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரில் கேட்டால் வீண் அலைச்சல். பெயரின் எழுத்து பள்ளிச் சான்றோடு ஒத்திருக்கட்டும்.

கேள்வி: குடவோலைக் காலத்தில் கணக்குக் காட்டாதவர் தேர்தலில் நிற்கவே முடியாதாமே? உண்மையா?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: உண்மை. உங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் படிக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். வாரியத்தில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் வேறு. ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் செய்கிறார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? ஒப்பந்தப்புள்ளி உறைகளைப் பிரிக்கிற நாளில் எல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வரும்.

ஆனாலும் அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்தில் விழுந்தது. நானும் நீங்களும் அதில் இல்லை. அதே உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. அங்கே கடைத்தெருவில் கீரை விற்கும் பெண்ணும் வார்டு உறுப்பினராக நிற்கலாம். கல்வெட்டின் கணக்குக் கண்டிப்பும், இன்றைய வாக்குரிமையும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கேள்வி: புதுச் சாலை இரண்டு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– மளிகைக் கடைக்காரர், கடலூர் மாவட்டம்

பதில்: 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டின் நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள். எத்தனை அங்குல ஜல்லி, எத்தனை மீட்டர் நீளம் என்று அதில் இருக்கும். பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும் அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையை அளந்து, அவர்கள் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: எழுதிக் கொடுங்கள் என்கிறீர்கள். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கும் மனு எழுதிப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தருமபுரி மாவட்டம்

பதில்: பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுது தம்பி. முடிந்ததும் வாசித்துக் காட்டு, பாட்டி இடது பெருவிரல் ரேகை வைக்கட்டும். எழுதியவர் நீ என்று உன் பெயரையும் கீழே போடு. "கனம் பொருந்திய", "தாழ்மையுடன்", "கருணை கூர்ந்து" எதுவும் வேண்டாம். எங்கே, என்ன, எப்போதிலிருந்து, என்ன வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும். நான் பணியில் இருந்தபோது ஓர் அம்மா கொடுத்த மனு இன்னும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. அன்று மாலையே ஆளை அனுப்பினேன்:

"எங்கள் தெருவில் 14-ஆம் எண் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து எரியவில்லை. அந்த இடத்தில் சாக்கடைக்கு மூடி கிடையாது. என் பேத்தி டியூஷன் முடிந்து இரவு எட்டரைக்கு அந்த வழியாக வருகிறாள். விளக்குப் போட்டுத் தரவும், மூடி போட்டுத் தரவும்."