காது குத்தவும் கவுன்சிலில் பதிய வேண்டுமா? மெல்பர்ன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விக்டோரியா மாநிலத்தில் அழகு நிலையம், பச்சை குத்தும் கடை, தங்கும் விடுதி மூன்றையும் ஆள்வது ஒரே சட்டம்: 2008ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார நலவாழ்வுச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது உங்கள் தெருக் குப்பையை அள்ளும் அதே கவுன்சில்தான். படிவமும் கட்டணமும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். கீழே சொல்வது மாநிலம் முழுவதற்கும் பொதுவான விதிகள்.

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, தெரிந்த பெண்களுக்கு மட்டும் த்ரெடிங், வேக்ஸிங் செய்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பேர்தான் வருவார்கள். விளம்பரம் எதுவும் கிடையாது. இதற்கும் பதிவு தேவையா? (டான்டெனாங்)

தேவை. எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு கிடைக்கிறது என்பதையெல்லாம் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. காசு வாங்கிச் செய்தால் அது தொழில். அது நடக்கும் இடம் பதிவாகியிருக்க வேண்டும். பதியாமல் நடத்துவது குற்றம்.

இதைப் படித்துவிட்டுத் தொழிலையே நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் செய்யத் தடையில்லை. அறையின் வரைபடத்தோடு விண்ணப்பம் கொடுத்தால் சுகாதார அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவர் கண் முதலில் போவது கை கழுவும் தொட்டிக்கு. சமையலறைத் தொட்டியைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே குளிர்நீரும் சுடுநீரும் வரும் தொட்டி, சோப்பு, காகிதத் துண்டு எல்லாம் இருக்க வேண்டும். தரையில் கம்பளம் விரித்திருந்தால் அதைப் பற்றியும் கேள்வி வரும்.

அடுத்து வேக்ஸ் பானை. குச்சியை முக்கித் தோலில் தடவிவிட்டு அதே குச்சியைத் திரும்பப் பானைக்குள் விட்டால், ஒருவர் தோலில் கசிந்த இரத்தம் அன்று வரும் அத்தனை பேருக்கும் போகும். ஒரு முக்கலுக்கு ஒரு குச்சி, பிறகு அது குப்பைக்கு. த்ரெடிங்கில் நூல் முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எச்சில்பட்ட நூல் அடுத்தவர் புருவத்தில் ஓடக் கூடாது. முனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் கச்சிதமாகச் செய்கிறார்கள்.

இன்னொன்று. வீட்டில் தொழில் நடத்துவது பற்றிய திட்டமிடல் விதிகள் தனி. தொழிலுக்குப் பயன்படும் பரப்பு வீட்டின் மூன்றில் ஒரு பங்கையோ 100 சதுர மீட்டரையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒரே கவுன்சிலிலேயே இது வேறு பிரிவின் பொறுப்பு என்பதால் இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

மணப்பெண் அலங்காரம், தலை அலங்காரம் மட்டும்தான் செய்கிறேன். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டுமா? (டார்னிட்)

வேண்டாம். முடி அலங்காரமும் கலைந்துபோகும் மேக்கப்பும் குறைந்த ஆபத்துள்ள வகை. ஒரு முறை பதிந்தால் போதும். இடமோ உரிமையாளரோ மாறினால்தான் மறுபடி பேச்சு. ஆனால் கூடவே வேக்ஸிங்கோ ஃபேஷியலோ சேர்த்துக்கொண்டால் இந்தச் சலுகை போய்விடும். பதிவைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டிவரும்.

நகைக்கடை வைத்திருக்கிறேன். தோடும் மூக்குத்தியும் வாங்க வருகிறவர்கள் இங்கேயே குத்திவிடுங்கள் என்கிறார்கள். ஊரில் ஆசாரி தங்கக் கம்பியால் குத்துவாரே, அப்படிச் செய்யலாமா? (கிளேட்டன்)

காது குத்துவது சட்டத்தின் பார்வையில் தோலைத் துளைக்கும் தொழில். தொடங்குமுன் கடையைப் பதிய வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து வீட்டில் நடக்கும் சடங்கைப் பற்றி இங்கே பேசவில்லை. வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக் குத்துவதுதான் விஷயம்.

தோலைத் துளைக்கும் எதுவும் அந்த நொடியில் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்த கம்பி, டெட்டாலில் ஊறிய கம்பி, தீயில் காட்டிய கம்பி மூன்றும் இதில் சேரா. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்துளியில் ஏழு நாள்கூட உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தங்கக் கம்பிதான் வேண்டும் என்றால் அதை உறையிலிட்டு, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் வைத்தாக வேண்டும்: 121 டிகிரியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். அதோடு இயந்திரத்தைச் சர்வீஸ் செய்வது, ஒவ்வொரு சுழற்சியையும் எழுதி வைப்பது என்று வேலை நீளும். நாளைக்கு இரண்டு காது குத்தும் கடைக்கு அது கட்டுப்படியாகாது. கிருமி நீக்கி உறையிட்டு வரும், ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியையும் தோட்டையும் வாங்குங்கள். பயன்படுத்திய ஊசி, கூர்ப்பொருளுக்கான மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் அதை அள்ள வருகிறவர் கையில் குத்தும்.

காது குத்தும் துப்பாக்கி காது மடலின் மென்மையான பகுதிக்கு மட்டும். மூக்குக்கு அதை எடுக்காதீர்கள்.

வயதிலும் கவனம். 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ நேரில் வந்து எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பாட்டியோ சித்தியோ தொலைபேசியில் சொன்னால் போதாது. குத்துமுன் தொற்று பற்றிய தகவலைக் கொடுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எழுதி 12 மாதம் வைத்திருங்கள். யாருக்காவது தொற்று வந்தால் மற்றவர்களை எச்சரிக்க அந்த ஏடு ஒன்றுதான் வழி.

நுண்ணிய கத்தியால் கீறிப் புருவத்துக்கு நிறமேற்றும் மைக்ரோபிளேடிங் கற்று வருகிறேன். அது பச்சை குத்துவதில் சேருமா? (டான்டெனாங் நார்த்)

சேரும். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பச்சை குத்துவது விக்டோரியாவில் குற்றம். பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. நிறமியைச் சிறு கிண்ணத்தில் அவரவருக்குத் தேவையான அளவு மட்டும் ஊற்றி, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் அழகு நிலையம் ஒன்றை வாங்குகிறோம். பழைய பதிவு எங்களுக்கு வந்துவிடுமா? (பாயிண்ட் குக்)

தானாக வராது. கவுன்சிலிடம் கேட்டு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன், விற்பவரின் எழுத்துச் சம்மதத்தோடு கவுன்சிலில் வாங்குமுன் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கட்டணம் உண்டு, ஆனால் கைமாறிய பிறகு தொட்டி இல்லை, தரை சரியில்லை என்று தெரியவந்தால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் ஐந்து அறைகளையும் தனித்தனியாக ஏழு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். இது விடுதியா? (கிளேட்டன்)

ஆம், ரூமிங் ஹவுஸ். வாடகை அறைகளில் மொத்தம் நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கக்கூடிய கட்டடம் இந்த வகைதான். ஏழு பேரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் முழு வீட்டையும் எடுத்திருந்தால் கதை வேறு.

உங்களுக்கு இரண்டு அனுமதி தேவை: வீட்டுக்குக் கவுன்சில் பதிவு, நடத்துகிற உங்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரூமிங் ஹவுஸ் நடத்துநர் சட்டப்படியான உரிமம். உரிமம் தருவது கவுன்சில் அல்ல, மாநிலத்தின் தொழில் உரிம ஆணையம். பிறகு டேப்பை எடுத்து அறைகளை அளந்து பாருங்கள். படுக்கையறை 7.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 31 நாளுக்கு மேல் தங்குவோருக்கு 12 சதுர மீட்டருக்குக் குறைந்த அறையில் ஒருவர்தான். எரிவாயுச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மின்சாரச் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அறைப் பூட்டு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

அந்தப் பூட்டைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2006இல் பிரன்ஸ்விக்கில் இப்படி ஒரு வீட்டில் பற்றிய தீயில் இளையவர்கள் இருவர் இறந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் என்கிறீர்களே, அவர்கள் பெற்றோர் உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள். புகை எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். படிவத்தை நாளைக்கு நிரப்பலாம்.

விடுமுறை வீட்டை ஏர்பிஎன்பியில் போட்டிருக்கிறோம். பதிய வேண்டுமா? (மார்னிங்டன்)

முழு வீட்டையும் ஒரே குழுவுக்குக் கொடுத்தால் பொதுவாக விடுதிப் பதிவு தேவையில்லை. ஆனால் மார்னிங்டன் தீபகற்பத்தில் குறுகிய காலத் தங்கலுக்கெனக் கவுன்சிலின் சொந்த விதி உண்டு. அதன்படி தனியே பதிய வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் 28 நாளுக்குக் குறைந்த தங்கலுக்கு 7.5 சதவீத வரியும் இருக்கிறது. அது மாநில வருவாய் அலுவலகத்துக்குப் போகும்.

அம்மாதான் தொழிலை நடத்துகிறார். அவருக்கு ஆங்கிலம் வராது. அதிகாரியிடம் எப்படிப் பேசுவது? (வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் மகள், அம்மா மெல்பர்னில்)

அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணான 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால், அவரோடு சேர்த்துக் கவுன்சிலுக்கு இணைப்புத் தருவார்கள். அதிகாரி நேரில் வரும் நாளுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் ஊடே நின்று பேசுவதைவிட, அம்மாவே தன் வாயால் எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று விளக்கினால் அதிகாரிக்கும் நம்பிக்கை வரும்.