ஃபிகர் ஸ்கேட்டிங்ல மெடல் யாருக்குன்னு கணிக்கணுமா? பெஸ்ட் ஸ்கோரை மூடி வைங்க, சுமாரான நாள் ஸ்கோரை பாருங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "நாங்க ஃப்ரெண்ட்ஸ் சில பேர் ஒவ்வொரு பெரிய ஸ்கேட்டிங் காம்பெடிஷனுக்கும் முன்னாடி யாருக்கு கோல்டு, சில்வர், பிரான்ஸ்னு எழுதி வெச்சுப்போம். எடமும் கரெக்டா இருந்தா 3 பாயிண்ட், ஆள் மட்டும் கரெக்ட், எடம் தப்புன்னா 1 பாயிண்ட். நான் சீசன் பெஸ்ட் லிஸ்டை பாத்து மேல இருக்கற மூணு பேரை அப்படியே போடறேன், ஆனா எப்பவும் நான்தான் கடைசி. எதை பாத்து போடறது?"

நீங்க பாக்கற லிஸ்ட்லதான் பிரச்சனையே இருக்கு. சீசன் பெஸ்ட்ங்கறது ஒருத்தருக்கு அந்த சீசன்ல எல்லாம் கூடி வந்த ஒரு நாளோட ஸ்கோர், ஒரு பேட்ஸ்மேனோட ஹையஸ்ட் ஸ்கோரை பாத்துட்டு அடுத்த மேட்ச்லயும் அவ்ளோ அடிப்பான்னு சொன்னா எப்படி இருக்கும், அதேதான் இது. நீங்க தேட வேண்டியது அவர் சுமாரா ஆடுற நாள்ல எவ்ளோ வாங்குவார்ங்கற நம்பர்.

அமெரிக்காவோட இலியா மலினின் கதையவே எடுத்துக்கோங்க. (போட்டில ரெண்டு ரவுண்டு, மொதல்ல ஷார்ட் புரோகிராம், அப்புறம் நீளமான ஃப்ரீ ஸ்கேட், ரெண்டு ஸ்கோரையும் கூட்டித்தான் எடம்.) டிசம்பர் 2025ல நாகோயால நடந்த கிராண்ட் பிரீ ஃபைனல்ல ஃப்ரீ ஸ்கேட்ல ஏழு குவாட் (காத்துல நாலு சுத்து சுத்தற ஜம்ப்) போட்டு 238.24 வாங்கினார், உலக ரெக்கார்டு. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு மிலான் ஒலிம்பிக்ஸ், ஷார்ட் புரோகிராம் முடிஞ்சப்ப அஞ்சு பாயிண்ட் லீட்ல முதல் எடம், ரெண்டு வருஷத்துக்கு மேல தோக்காத ஆள், யாரை கேட்டாலும் கோல்டு அவருக்குத்தான்னு சொன்னாங்க. ஃப்ரீ ஸ்கேட்ல வந்தது 156.33. மொத்தத்துல எட்டாவது எடம். கோல்டு எடுத்தவர் கசகஸ்தானோட மிகைல் ஷைதோரோவ், ஷார்ட்ல அஞ்சாவதா இருந்தவர். ஒரே ஆள், ஒரே சீசன், 80 பாயிண்ட்டுக்கு மேல வித்தியாசம். இவ்ளோ அகலமா ஆடுற ஒரு ஸ்கோரை ஒரே ஒரு பெஸ்ட் நம்பரை வெச்சு எப்படி புடிப்பீங்க?

ஏன் இப்படி ஆடுதுன்னு புரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதனால இங்க கொஞ்சம் கணக்கு பாப்போம். ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒரு பேஸ் வேல்யூ இருக்கு. லட்ஸ்ங்கற ஜம்ப் வகையை எடுத்தா, நாலு சுத்து குவாட் லட்ஸ் 11.50, மூணு சுத்து ட்ரிபிள் லட்ஸ் 5.90. அதுக்கு மேல ஜட்ஜுங்க மைனஸ் 5ல இருந்து பிளஸ் 5 வரைக்கும் கிரேடு போடுவாங்க, ஒவ்வொரு படியும் பேஸ் வேல்யூல 10 சதவீதம். குவாட் லட்ஸை நல்லா போட்டு பிளஸ் 2 வாங்கினா 13.80. முழுசா சுத்திட்டு விழுந்தா மைனஸ் 5, அதாவது பாதி போயிடும், 5.75, விழுந்ததுக்கு தனியா 1 பாயிண்ட் கழிச்சா 4.75. ரிஸ்க்கே வேணாம்னு ட்ரிபிள் லட்ஸை சுத்தமா போட்டு பிளஸ் 2 வாங்கினா 7.08. இப்ப பாருங்க, குவாட் நாலு தடவைல ஒரு தடவை மட்டும் நின்னாக்கூட சராசரி 7.01 வருது, ட்ரிபிளுக்கு கிட்டத்தட்ட சமம். பாதி தடவை நின்னா 9.27. (விழுந்தா புரோகிராம் மார்க்கும் கொஞ்சம் அடிவாங்கும், அது வேற.) அதனாலதான் கோச்சுங்க எல்லாம் நிக்குதோ இல்லையோ குவாட் போடுன்னு அனுப்பறாங்க. அவங்களுக்கு அது நியாயமான கணக்கு, கணிக்கற உங்களுக்குத்தான் தலைவலி, ஏன்னா ஒரு ஃப்ரீ ஸ்கேட்ல இப்படி நாலஞ்சு இருந்தா ஒவ்வொண்ணும் தனித்தனியா 9 பாயிண்ட் மேல கீழ ஆடும்.

இதுல நிறைய பேர் கவனிக்காதது ஒண்ணு இருக்கு, விழறதை விட பாப் ஆகறதுதான் பெரிய நஷ்டம். பாப்னா காத்துல ஏறினதும் உடம்பு திறந்துக்கிட்டு நாலு சுத்துக்கு பதிலா ஒண்ணோ ரெண்டோ சுத்தி இறங்கறது. மலினின் மிலான்ல குவாட் ஆக்ஸல் (ஆக்ஸல் இன்னொரு ஜம்ப் வகை) போடப் போய் சிங்கிள் ஆக்ஸல்ல இறங்கினார். குவாட் ஆக்ஸல் பேஸ் 12.50, அதுல சுத்தி முடிச்சு விழுந்திருந்தாக்கூட 5.25 கையில வந்திருக்கும். சிங்கிள் ஆக்ஸல் எவ்ளோ தெரியுமா, 1.10! டிவில பாத்தா விழறதுதான் பயங்கரமா தெரியும், ஸ்கோர் ஷீட்ல கதையை முடிக்கறது பாப்தான்.

ஷார்ட் புரோகிராம்ல இது இன்னும் மோசம், அங்க ஒவ்வொரு ஜம்ப்பும் இப்படித்தான் இருக்கணும்னு கட்டாயம், ட்ரிபிள் இருக்க வேண்டிய எடத்துல டபுள் வந்தா மொத்த சைபர். அதே மிலான்ல அமெரிக்காவோட அம்பர் க்ளென் ட்ரிபிள் லூப்பை டபுளாக்கிட்டார், அந்த ஜம்ப்புக்கு ஒண்ணுமே கிடைக்கல, 13வது எடத்துக்கு போயிட்டார், ஃப்ரீ ஸ்கேட்ல அருமையா ஆடியும் அஞ்சாவது வரைக்கும்தான் ஏற முடிஞ்சுது.

சரி, நீங்க என்ன பண்ணணும்னா, ஒரு ஸ்கேட்டரோட கடைசி அஞ்சாறு இன்டர்நேஷனல் காம்பெடிஷன் ஸ்கோரை எடுங்க, ரொம்ப மேல இருக்கறது ஒண்ணு, ரொம்ப கீழ இருக்கறது ஒண்ணு தூக்கிப் போடுங்க, மிச்சத்துல நடுவுல இருக்கறதுதான் உங்க நம்பர். மொத்த ஸ்கோரா எடுக்காம ஷார்ட் தனி ஃப்ரீ தனியா எடுத்தா இன்னும் நல்லது, ஏன்னா சில பேர் ஷார்ட்ல கலக்கிட்டு ஃப்ரீல பின்பாதில காத்து போயிடும், அது வருஷக்கணக்கா தொடர்ற பழக்கமா இருக்கும்.

நேஷனல்ஸ் ஸ்கோரை மட்டும் தயவு செஞ்சு இதுல கலக்காதீங்க. எந்த நாடா இருந்தாலும் சொந்த ஊரு சாம்பியன்ஷிப்ல கை தாராளமாத்தான் இருக்கும், உலக ஸ்கேட்டிங் அமைப்பான ஐஎஸ்யுவே அதை பெர்சனல் பெஸ்ட்டா ஏத்துக்கறதில்ல. ரஷ்யா ஸ்கேட்டர்ஸ் விஷயத்துல இது ரொம்ப முக்கியம், 2022 மார்ச்லேர்ந்து அவங்க இன்டர்நேஷனல் ஆடல, மிலானுக்கு நடுநிலை வீரர்களா சில பேர் மட்டும் வந்தாங்க, உள்ளூர் ஸ்கோரை பாத்துட்டு பெண்கள் பிரிவுல அடெலியா பெட்ரோசியனுக்கு மெடல் நிச்சயம்னு எழுதினவங்க நிறைய பேர், கடைசில போடியம்ல அவர் இல்ல.

அடுத்து புரோட்டோகால். காம்பெடிஷன் முடிஞ்சதும் ஒவ்வொரு ஸ்கேட்டரோட ஒவ்வொரு ஜம்ப்புக்கும் எந்த ஜட்ஜ் என்ன போட்டார்னு ஒரு பிடிஎஃப் வரும், யாரு வேணா பாக்கலாம். பாக்கறதுக்கு ரெயில்வே டைம்டேபிள் தோத்துது, ஆனா உங்களுக்கு வேண்டியது ஜம்ப் பேருக்கு பக்கத்துல இருக்கற சின்ன குறிங்க மட்டும்தான். q இருந்தா கால்வாசி சுத்து கம்மி, பேஸ் அப்படியே இருக்கும், கிரேடு மட்டும் குறையும். ஒத்தை < இருந்தா பேஸ் வேல்யூ 80 சதவீதம்தான். ரெட்டை << இருந்தா ஒரு சுத்து கம்மியான ஜம்ப்பாவே கணக்கு, அதாவது குவாட் போட்டேன்னு அவர் சொல்லலாம், ஷீட் ட்ரிபிள்னு சொல்லும். ஒருத்தருக்கு சீசன் முழுக்க ஒரே ஜம்ப்ல q வந்துட்டே இருக்குன்னா அவர் நல்ல ஸ்கோர் வாங்கின நாள்ல டெக்னிக்கல் பேனல் (ஜம்ப் முழுசா சுத்துச்சான்னு பாக்கறவங்க) கொஞ்சம் இளகிய மனசோட இருந்திருக்குன்னு அர்த்தம். வேர்ல்ட்ஸ் (உலக சாம்பியன்ஷிப்) மாதிரி பெரிய எடத்துல அதே ஜம்ப்புக்கு < விழ நல்ல சான்ஸ் இருக்கு. நான் எப்பவும் மொதல்ல தேடறது இதைத்தான்.

புரோகிராம் காம்போனென்ட்ஸ், அதாவது காம்போசிஷன், பிரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்னு மூணு மார்க், இதை கலை மார்க்குன்னு லேசா நினைச்சு விட்டுடாதீங்க, கணிப்புக்கு இதுதான் நங்கூரம். ஜம்ப் ஆடற அளவுக்கு இது ஆடாது, போன மாசம் 9 வாங்கினவர் இந்த மாசமும் ஏறக்குறைய அதேதான் வாங்குவார், பெருசா சொதப்பினாத்தான் குறையும். பெண்கள் பிரிவுல மூணுலயும் ஒரு மார்க் கூட இருந்தா ஷார்ட்ல 3.99, ஃப்ரீல 8.01, ஆக மொத்தம் 12 பாயிண்ட். டபுள் ஆக்ஸலுக்கு பதிலா ட்ரிபிள் ஆக்ஸல் போட்டா பேஸ்ல கூடறது 4.70தான். காவோரி சகமோட்டோ குவாடும் இல்லாம ட்ரிபிள் ஆக்ஸலும் இல்லாம 2022, 2023, 2024னு மூணு வேர்ல்ட்ஸ் வரிசையா அடிச்சதோட ரகசியம் இதுலதான் இருக்கு. 2025 பாஸ்டன் வேர்ல்ட்ஸ்ல அலிசா லியூ, 16 வயசுலயே ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்தவர், அவரும் ட்ரிபிள் ஆக்ஸல் இல்லாமத்தான் கோல்டு எடுத்தார், மிலான்லயும் எடுத்தார். பெண்கள் பிரிவுல பெரிய ஜம்ப் வெச்சிருக்கறவரையும் அலுங்காம குலுங்காம எல்லா ஜம்ப்பையும் போடறவரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நான் ரெண்டாவது ஆளைத்தான் எழுதுவேன்.

ஷார்ட் முடிஞ்சப்புறம் கணிப்பை மாத்தலாம்னு உங்க குரூப்ல ரூல் இருந்தா அங்கயும் ஒரு வார்த்தை. ஷார்ட் ரிசல்ட்டை பாத்து பதறாதீங்க. 2024 மாண்ட்ரியல் வேர்ல்ட்ஸ்ல ஆண்கள் ஷார்ட்ல முதல் எடம் ஷோமா உனோ, பெண்கள் ஷார்ட்ல முதல் எடம் லோயெனா ஹென்ட்ரிக்ஸ், ரெண்டு பேருமே கடைசில நாலாவது! அதே போட்டில பிரான்ஸோட அடாம் சியாவ் ஹிம் ஃபா ஷார்ட்ல 19வது, ஃப்ரீ ஸ்கேட்ல முதல் குரூப்ல வந்து 206.90 வாங்கி, அப்ப தடை செஞ்சிருந்த பேக்ஃப்ளிப்பை வேற போட்டு 2 பாயிண்ட் வேணும்னே விட்டுட்டு, அப்படியும் வெண்கலம் எடுத்தார். சீக்கிரம் ஆடறவங்களுக்கு ஜட்ஜுங்க கையை கட்டிப்பாங்கன்னு ஒரு பேச்சு எப்பவும் இருக்கு, அன்னைக்கு அது பலிக்கல. 2018 ஒலிம்பிக்ஸ்ல நேத்தன் சென் 17வதுல இருந்து அஞ்சாவதுக்கு வந்ததும் இதே வகை. அதனால நல்ல ஆள் ஒருத்தர் ஷார்ட்ல ஆறேழு பாயிண்ட் பின்னாடி இருந்தா அவர் பேரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடாதீங்க. பேர்ஸ்லயும் அப்படித்தான், மிலான்ல ஜப்பானோட மியூரா கிஹாரா ஜோடி ஷார்ட்ல அஞ்சாவது, ஃப்ரீல 158.13னு உலக ரெக்கார்டு போட்டு கோல்டு.

ஐஸ் டான்ஸ் மட்டும் வேற உலகம். அங்க குவாட் கிடையாது, விழறது அபூர்வம், வரிசை கல்லுல எழுதின மாதிரி நிக்கும். சாக், பேட்ஸ் ஜோடி 2023லேர்ந்து 2025 வரை மூணு வேர்ல்ட்ஸ் எடுத்தாங்க, கில்ஸ், பொய்ரியே ஜோடிக்கு 2024லயும் 2025லயும் சில்வர். உங்க 3 பாயிண்ட் ரூலுக்கு ஐஸ் டான்ஸ்தான் பொன்முட்டை, சீசன் ரிசல்ட்டை பாத்து வரிசையை அப்படியே போடுங்க, சீசன் பெஸ்ட் லிஸ்ட் ஓரளவு வேலை செய்யற ஒரே பிரிவும் இதுதான். புதுசா ஜோடி சேர்ந்தவங்க வந்தா மட்டும் கவனம், ஃபூர்னியே போட்ரியும் சிஸெரோனும் சேர்ந்து ஆடின முதல் சீசன்லயே மிலான்ல சாக், பேட்ஸை ஒன்றரை பாயிண்ட் கூட இல்லாத வித்தியாசத்துல தாண்டிட்டாங்க.

ஆண்கள் பிரிவுக்கு உங்க பாயிண்ட் ரூலை வெச்சு யோசிச்சா, சுமார் நாள் நம்பர்லயே மத்தவங்களை விட 15, 20 பாயிண்ட் மேல இருக்கறவர் யாராவது இருந்தா அவரை கோல்டுல போட்டுட்டு நகருங்க, மலினின் ஒரு நாள் சறுக்கினதால அவரை எழுதாம விடறதும் முட்டாள்தனம், அவர் 2024லயும் 2025லயும் வேர்ல்ட்ஸ் எடுத்தப்ப அவரை எழுதினவங்கதான் பாயிண்ட் வாங்கினாங்க. சில்வர், பிரான்ஸுக்கு அஞ்சு பாயிண்ட்டுக்குள்ள நாலு பேர் இருந்தா வரிசைய பத்தி மண்டைய உடைக்காம அதுல பாப் கம்மியா பண்ற ரெண்டு பேரை எழுதுங்க, ஆள் மட்டும் சரியா இருந்தாலே ஆளுக்கு 1 பாயிண்ட் வருதுல்ல. ரொம்ப தூரத்து ஆளை துணிச்சலா கோல்டுல போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கணும்னு ஆசை வரும், வருஷத்துக்கு ஒரு தடவை போதும் அது.

ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சீசன்ல லிஸ்டே மாறிடும். 2022ல ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு அடுத்த மாசமே நடந்த மாண்ட்பெலியே வேர்ல்ட்ஸுக்கு அந்த ஒலிம்பிக்ஸ்ல கோல்டு எடுத்த நேத்தன் சென்னும் வரல, அதுக்கு முன்னாடி ரெண்டு ஒலிம்பிக்ஸ் கோல்டு எடுத்த ஹான்யூவும் வரல, ஷோமா உனோ முதல் தடவையா உலக சாம்பியன் ஆனார். சகமோட்டோ மிலான் ஒலிம்பிக் சீசனோட நிறுத்தறேன்னு 2025லயே சொல்லிட்டார். கீழ இருந்து வர்றவங்களையும் பாக்கணும், சீனியருக்கு இப்ப குறைஞ்ச வயசு 17, ஜூலை 1க்கு முன்னாடி அது முடிஞ்சிருக்கணும். ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பை 2023லேர்ந்து தொடர்ந்து எடுத்த மாவோ ஷிமாடா அந்த ரூலாலதான் மிலானுக்கு வர முடியல, 2026 ஜூலைல தொடங்கற சீசன்ல அவர் சீனியருக்கு தகுதி. குவாடும் ட்ரிபிள் ஆக்ஸலும் வெச்சிருக்கற பொண்ணு, ஆனா ஜூனியர் ஸ்கோரை அப்படியே சீனியருக்கு கொண்டு வந்து கூட்டாதீங்க, ஷார்ட் புரோகிராம் விதியும் வேற, ஃப்ரீ ஸ்கேட் நீளமும் வேற. முதல் கிராண்ட் பிரீ முடியற வரைக்கும் பொறுங்க, ரெண்டு ஷீட் கையில வந்ததும் அந்த ட்ரிபிள் ஆக்ஸல் பக்கத்துல q இருக்கா இல்லையான்னு பாத்துட்டு எழுதுங்க.

கடைசி நாள் என்ட்ரி லிஸ்டை ஒரு தடவை திறந்து பாத்துட்டு அனுப்புங்க. காயம்னு விலகறவங்க போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி கூட விலகுவாங்க, வராத ஆளை கோல்டுல எழுதி வெச்சா 3ம் போச்சு 1ம் போச்சு.